சிமெண்டுத் தரையில் நாட்டுக்கோழி: கொல்லைப்புறக் கூட்டைப் படிப்படியாக அமைக்கும் முறை

மண் தரையில் விழும் எச்சத்தின் ஈரத்தை மண்ணே இழுத்துக்கொள்கிறது. மிச்சத்தைக் கோழி கிளறி உலர்த்திவிடுகிறது. சிமெண்டுத் தளத்தில் இவ்விரண்டும் நடப்பதில்லை. ஆகவே புதிதாகக் கோழி வளர்க்கத் தொடங்குபவர்கள் பெரும்பாலும் தினமும் காலையில் குழாயைத் திறந்து தரையைக் கழுவிவிடுகிறார்கள். நாற்றமும் ஈயும் பெருகுவதற்கு அந்தக் கழுவலே முதற்காரணம். தரை தெரியாதபடி உமி போன்ற கூளம் பரப்பி, அதை உலர்வாக வைத்திருந்தால் அன்றாடம் கழுவ வேண்டிய தேவையே எழாது. கீழே தந்திருக்கும் அளவுகள் ஆறு பெட்டையும் ஒரு சேவலும் கொண்ட சிறு கூட்டத்துக்கானவை.

படி 1: வாட்டம் பார்த்து இடம் தேர்தல்

கொல்லையில் ஒரு வாளித் தண்ணீரைக் கொட்டி, அது எந்தப் பக்கம் ஓடுகிறது, எங்கே தேங்குகிறது என்று பாருங்கள். மேடான பக்கமே கூட்டுக்குரிய இடம். மழைநீர் சிமெண்டில் இறங்காமல் தரையோடு ஓடி வரும் என்பதால், கூட்டைச் சுற்றிலும் செங்கல் வைத்து அரை அடி உயரத்துக்கு வரம்பு கட்டி, வெளிப்புறம் பூசிவிட வேண்டும். இந்த வரம்பு கூளம் சிதறாமலும் தடுக்கும். தாழ்வான பக்கத்தில், வலை அடித்த சிறு துளை ஒன்றை மட்டும் விட்டுவையுங்கள்.

படி 2: கூடு

ஆறடி நீளம், நான்கடி அகலம் போதும். நீளவாட்டம் கிழக்கு மேற்காக அமைந்தால் வெயில் நேராக உள்ளே விழாது. சிமெண்டுத் தளத்தை எந்தப் பிராணியும் தோண்டி வர முடியாது என்பது பெரிய நன்மைதான். ஆனால் பெருச்சாளியும் கீரியும் வலையின் இடுக்கிலும் கதவின் அடியிலும் வழி தேடும். கோழிவலை கோழியை உள்ளே நிறுத்துமே தவிர நாயை வெளியே நிறுத்தாது. எனவே அரை அங்குலக் கண்ணுள்ள வெல்ட் மெஷ்ஷையே (பற்றவைத்த கம்பிவலை) அடியுங்கள். கூரை கீற்றாக இருந்தால் குளிர்ச்சி. தகரமானால் மேலே வெள்ளையடிப்பது நல்லது. எதுவானாலும் இறவாணம் இரண்டரை அடியாவது வெளியே நீண்டிருக்க வேண்டும். ஐப்பசி, கார்த்திகை மாதங்களின் சாரல் கூளத்தை நனைத்துவிட்டால் மற்ற ஏற்பாடுகள் அனைத்தும் வீண்.

படி 3: கூளம்

வெறும் தரையில் நீர்த்த சுண்ணாம்பு அடித்து, நன்றாகக் காயவிட்டு, அதன்மேல் நான்கு அங்குல உயரத்துக்கு நெல் உமி பரப்புங்கள். இந்தக் கூட்டுக்கு எட்டுக் கன அடி உமி வேண்டும். பெரிய கோணிச் சாக்கில் ஏறக்குறைய இரண்டு சாக்கு. கடலைத் தோலும் மரச்சீவலும் நல்லவையே. மிக மென்மையான மரத்தூளை நான் பரிந்துரைப்பதில்லை, ஏனெனில் தூசி கோழியின் மூச்சுக்கு ஆகாது. தென்னை நார்க்கழிவு ஈரத்தை நிறையப் பிடித்துவைக்கும். அதைப் போடுபவர்கள் அடிக்கடி கிளற வேண்டியிருக்கும்.

ஒரு நாள் விட்டு ஒரு நாளாவது சிறு மண்வாரியால் கூளத்தை அடிவரை புரட்டிவிடுங்கள். சிமெண்டை ஒட்டிய அடுக்குதான் முதலில் கட்டிதட்டும்; மேலே பார்ப்பதற்கு உலர்வாகத் தெரியும்போதே அடியில் அடை போல இறுகியிருக்கும். சோதிக்க எளிய வழி உண்டு. அடியிலிருந்து ஒரு பிடி அள்ளி இறுக்கி, பின்பு கையை விரியுங்கள். பொலபொலவென்று உதிர்ந்தால் சரியான பதம். கொழுக்கட்டை போல விரல் தடத்தோடு நின்றால் ஈரம் மிஞ்சிவிட்டது. அப்போது கூட்டுக்குள் குனிந்து, கோழியின் தலை உயரத்தில் ஒரு முறை மூச்சை இழுத்துப் பாருங்கள். கண் கரித்தால் அது அம்மோனியா.

அந்நேரத்தில் ஈரக் கூளத்தின்மேல் சுண்ணாம்பு தூவும் பழக்கம் பலரிடம் இருக்கிறது. சுண்ணாம்பின் காரத்தன்மை அம்மோனியாவை இன்னும் வேகமாக வெளியேற்றும் என்பதால், நெடி குறைவதற்குப் பதிலாகக் கூடவே செய்யும். நனைந்த பகுதியை வாரிக் கொட்டிவிட்டுப் புது உமி போடுவதே முறை. ஈரக் கூளத்தில்தான் ரத்தக்கழிச்சல் நோயின் கிருமிகள் முதிர்ந்து தொற்றும் நிலையை அடைகின்றன. இளங்குஞ்சுகள் இருக்கும் கூட்டில் இதில் தாமதம் கூடாது.

படி 4: தண்ணீர்த் தொட்டி

கூளம் நனைவதற்கு எச்சத்தைவிடச் சிந்தும் தண்ணீரே பெரிய காரணம். தொட்டியின் விளிம்பு கோழியின் முதுகு உயரத்துக்கு வரும்படி செங்கல் அடுக்கி, கூளத்துக்கு வெளியே வைத்துவிடுங்கள்.

படி 5: உட்காரும் கம்பும் கால்களும்

இரண்டு அங்குலப் பருமனுள்ள, விளிம்பு மழுக்கிய ஆறடிக் கம்பு ஒன்றே ஏழு கோழிகளுக்குப் போதும். அதை ஒன்றரை அடி உயரத்துக்கு மேல் கட்ட வேண்டாம். உயரத்திலிருந்து கடினமான தரையில் குதிக்கும் கோழிக்கு உள்ளங்காலில் சிராய்ப்பு ஏற்பட்டு, அதன் வழியாகக் கிருமி புகுந்து, நடுவில் கறுத்த பொருக்குடன் வீங்கிவிடும். கனத்த சேவல்களுக்கு இது எளிதில் வரும். வாரம் ஒருமுறை இரவில், கோழிகள் அடைந்த பிறகு தூக்கிப் பாதத்தைப் பாருங்கள். வீக்கம் கண்டால் கத்தி வைக்காமல் கால்நடை மருத்துவரிடம் காட்டுங்கள். கம்பின் கீழே ஒரு பலகை போட்டால் இரவு எச்சத்தைக் காலையில் அப்படியே வழித்தெடுத்துவிடலாம்.

முட்டையிட ஓரடிச் சதுரப் பெட்டி இரண்டு போதும்.

படி 6: மண்ணுக்கு மாற்று

சிமெண்டுக் கொல்லையில் கோழிக்குக் கிடைக்காதவை மூன்று: மண்குளியல், வயிற்றில் இரையை அரைக்க உதவும் சிறுகல், கிளறுவதற்கான இடம். இரண்டடி அகலமுள்ள பழைய தொட்டியில் உலர்ந்த செம்மண், மணல், சலித்த விறகுச் சாம்பல் ஆகியவற்றைக் கலந்து, நனையாத மூலையில் வையுங்கள். கோழி அதில் புரண்டு பேனையும் செள்ளுப்பூச்சியையும் உதிர்க்கும். சிறு பருக்கைக் கற்களையும் நொறுக்கிய கிளிஞ்சலையும் தனித்தனிக் கிண்ணங்களில் போடுங்கள். நான்கடிச் சதுரத்துக்குச் செங்கல் அடுக்கி, உள்ளே மண்ணும் சருகும் நிரப்பிவிட்டால் பகல் முழுவதும் அதையே கிளறிக்கொண்டிருக்கும். இதைச் செய்யாத இடங்களில்தான் கோழிகள் ஒன்றின் இறகை மற்றொன்று கொத்தும் பழக்கம் தலைதூக்குகிறது.

கோடைக்காலத்தில் பிற்பகல் இரண்டு மணிக்குச் செருப்பில்லாமல் தளத்தில் நின்று பாருங்கள். உங்கள் காலுக்குப் பொறுக்கவில்லை என்றால் கோழிக்கும் பொறுக்காது. மேலே பச்சை நிழல்வலை கட்டியாக வேண்டும்.

படி 7: கூளம் மாற்றுதல்

மேலே புது உமி சேர்த்துக்கொண்டே வந்தால், மழைக்காலத்துக்கு முன் ஆவணி, புரட்டாசியில் ஒரு முறையும், தை மாதத்தில் ஒரு முறையும் முழுவதும் மாற்றினால் போதும். அப்போது மட்டும் தரையைத் தேய்த்துக் கழுவி, இரண்டு மூன்று நாள் வெயிலில் காயவிட்டு, மீண்டும் சுண்ணாம்பு அடியுங்கள். வாரிய கூளம் சூடு மிகுந்தது. செடியின் தூரில் நேராகப் போட்டால் வேர் கருகும். மூன்று மாதம் குவித்து மக்கவிட்ட பிறகு தென்னைக்கும் வாழைக்கும் இடலாம்.