கையில் அட்டை இல்லை என்று ஆஸ்பத்திரிக்குப் போகாமல் இருக்க வேண்டாம்

நம்ம கன்னியாகுமரி மாவட்டத்தில், ஆரல்வாய்மொழி செங்கல் சூளையில் வேலை பார்க்கும் ஒடிசாக்காரரும் சரி, கொல்லங்கோடு பக்கம் கடலுக்குப் போகும் நம்ம ஆளும் சரி, காய்ச்சல் வந்தால் முதலில் போவது மெடிக்கல் ஷாப்புக்குத்தான். ஒரு நாள் வேலைக்குப் போகாவிட்டால் அன்றைய கூலி போச்சு. அதோடு ஆதார் கேட்பார்கள், கார்டு கேட்பார்கள், புரியாத பாஷையில் சத்தம் போடுவார்கள் என்ற பயம் வேறு. இப்படி நாளைக் கடத்திவிட்டு, நோய் முற்றியபின் வட்டிக்கு வாங்கிக் கட்டுகிற குடும்பங்களை நினைத்தால் மனசு ஆறவில்லை. உங்கள் லைன் வீட்டிலோ வேலையிடத்திலோ அப்படி ஒருவர் இருந்தால், அவரை எப்படிக் கூட்டிக்கொண்டு போவது என்று சொல்கிறேன்.

முதலில் அவரிடம் இதைச் சொல்லுங்கள். அரசு ஆஸ்பத்திரியில் டாக்டரைப் பார்க்கக் காப்பீட்டு அட்டை வேண்டாம். பெயர், வயது, தங்கியிருக்கும் இடம் சொன்னால் ஓ.பி. சீட்டு போடுவார்கள். ஆதார் நம்பர் கேட்டாலும், கையில் இல்லை என்று தைரியமாகச் சொல்லலாம், அதற்காக நோயாளியைத் திருப்பி அனுப்பக் கூடாது. மாத்திரைக்கும் காசு கேட்க மாட்டார்கள். ஆரம்ப சுகாதார நிலையத்தில் தொடங்குங்கள், அவர்கள் எழுதிக் கொடுத்தால் குழித்துறை, தக்கலை, குளச்சல் ஆஸ்பத்திரிகளில் எது பக்கமோ அங்கே, பெரிய விஷயம் என்றால் ஆசாரிப்பள்ளம் மெடிக்கல் காலேஜ். காலையிலேயே போய்விட வேண்டும், மதியம் போனால் ஓ.பி. முடிந்திருக்கும், அப்புறம் இன்னொரு நாள் கூலியும் போகும். கான்ட்ராக்டரிடம் முந்தின நாளே பேசி அந்த ஒரு நாள் கூலியைப் பிடிக்காமல் இருக்கச் செய்தால், அதுவே பாதி வைத்தியம்.

அவசரம் என்றால் யோசிக்காமல் 108. விபத்தில் அடிபட்டவருக்குப் போலீஸ் வரட்டும், பணம் கட்டட்டும் என்று காத்திருக்காமல் முதலில் சிகிச்சை கொடுக்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 1989லேயே சொல்லிவிட்டது, இது தனியார் ஆஸ்பத்திரிக்கும் பொருந்தும். தமிழ்நாட்டுச் சாலையில் நடந்த விபத்து என்றால் 2021 டிசம்பரில் வந்த ‘இன்னுயிர் காப்போம் – நம்மைக் காக்கும் 48’ திட்டம் இருக்கிறது. இதில் சேர்ந்த ஆஸ்பத்திரிகளில் முதல் 48 மணி நேரச் சிகிச்சை இலவசம், அடிபட்டவர் எந்த மாநிலம், எந்த நாடு என்று பார்ப்பதில்லை.

அடுத்தது பாஷை. இதில்தான் அதிகம் கோட்டை விடுகிறோம். ‘வயிறு வலி’ என்று ஒரே வார்த்தையைச் சொல்லிவிட்டு நிற்கிறவருக்கு டாக்டர் என்ன செய்வார்? புறப்படுவதற்கு முன்பே, எப்போது ஆரம்பித்தது, எங்கே வலிக்கிறது, என்ன மாத்திரை சாப்பிட்டார், வேறு நோய் உண்டா என்று கேட்டு, ஒரு தாளில் தமிழில் எழுதி அவர் சட்டைப் பையில் வைத்துவிடுங்கள். இந்தி தெரியாதே என்று தயங்க வேண்டாம், கேரளாவில் வேலை பார்த்துவிட்டு இங்கே வந்தவர்கள் நிறைய பேர், மலையாளத்தில் கேட்டுப் பாருங்கள், குழித்துறை, மார்த்தாண்டம் பக்கம் நர்ஸ் அக்காக்களுக்கும் அது தெரியும். அதுவும் முடியாவிட்டால் போனில் அவர் ஊர்க்காரர் ஒருவரைப் பிடித்து ஸ்பீக்கரில் போடுங்கள். திரும்பி வந்தபின் மாத்திரைக் கவரில் பேனாவால் காலைக்கு ஒரு சூரியன், ராத்திரிக்கு ஒரு பிறை, சாப்பாட்டுக்குப் பிறகு என்றால் ஒரு தட்டு என்று வரைந்து கொடுங்கள். படிக்கத் தெரியாத நம்ம பாட்டிமாருக்கும் இது உதவும்.

ஆபரேஷன், இதயம், டயாலிசிஸ் என்று போகும்போதுதான் அட்டை முக்கியம். முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் ஒரு குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் வரை உண்டு. ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருக்க வேண்டும். ரேஷன் கார்டு, ஆதார், வருமானச் சான்று எடுத்துக்கொண்டு, நாகர்கோவில் கலெக்டர் ஆபீசில் இருக்கும் காப்பீட்டுப் பதிவு மையத்துக்குப் போக வேண்டும். நோய் வந்து படுத்தபின் வருமானச் சான்றுக்கு அலைவது பெரிய கொடுமை, நல்லா இருக்கும்போதே வாங்கி வையுங்கள்.

பலருக்குத் தெரியாத இரண்டு விஷயம் இதில் இருக்கிறது. வெளிமாநிலத் தொழிலாளிகளும் இந்தத் திட்டத்தில் சேரலாம், ஆறு மாதத்துக்கு மேல் இங்கே இருக்கிறார் என்று தொழிலாளர் துறை சான்று கொடுக்க வேண்டும். அந்தச் சான்றுக்கு ஆளை வேலைக்கு வைத்திருக்கிறவர்தான் முன்னால் நிற்க வேண்டும், தொழிலாளி தனியாகப் போனால் நடையாய் நடக்க வேண்டியதுதான். பெருமாள்புரம், பழவிளை மாதிரி மறுவாழ்வு முகாம்களில் இருக்கும் இலங்கைத் தமிழர்களுக்கு வருமான வரம்பே கிடையாது. வெளிமாநிலத் தொழிலாளி தன் ஊரில் ஆயுஷ்மான் பாரத் என்ற மத்திய அரசின் காப்பீட்டு அட்டை எடுத்தவர் என்றால் அதையும் கொண்டுவரச் சொல்லுங்கள், அது மாநிலம் தாண்டியும் செல்லும். வெளிமாநிலத் தொழிலாளிகளுக்கென்று கேரள அரசு கொடுத்த ‘ஆவாஸ்’ காப்பீட்டு அட்டையை நம்பி மட்டும் இங்கே வர வேண்டாம். ஆதாரில் ஒரு மாதிரி, அட்டையில் இன்னொரு மாதிரி என்று பெயர் இருந்தால் அங்கேதான் சிக்கும், முதலிலேயே ஒத்துப் பாருங்கள்.

இரண்டு வாரத்துக்கு மேல் இருமல் என்றால் சளிப் பரிசோதனை. காசநோய்க்கு மருந்து முழுக்க இலவசம், சத்துணவுக்கு மாதம் 1,000 ரூபாய் வங்கிக் கணக்கில் வரும், அதற்காக ஒரு கணக்கு தொடங்கிக் கொடுங்கள். கர்ப்பிணி என்றால் எந்த ஊர்க்காரராக இருந்தாலும் கிராம சுகாதார செவிலியரிடம் சீக்கிரமே பதிந்துவிட வேண்டும். பத்துப் பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடமாகவும் மாதச் சம்பளம் 21,000க்குள்ளாகவும் இருந்தால், சம்பளத்தில் இ.எஸ்.ஐ. என்ற தொழிலாளர் காப்பீட்டுக்குப் பிடிக்கிறார்களா என்று கேளுங்கள்.

காப்பீட்டு அட்டையில் ஆஸ்பத்திரியில் சேர்த்தபின் அதே சிகிச்சைக்குத் தனியாகப் பணம் கேட்டால் கொடுக்காதீர்கள். எதற்கு என்று ரசீதில் எழுதித் தரச் சொல்லுங்கள், அங்கிருக்கும் காப்பீட்டுத் திட்ட ஊழியரைப் பாருங்கள், சரிப்படாவிட்டால் 1800 425 3993க்குக் கூப்பிட்டுப் புகார் சொல்லுங்கள், காசில்லாத அழைப்புதான். அதற்கும் அசையவில்லை என்றால் திங்கட்கிழமை கலெக்டர் ஆபீஸ் குறைதீர்க்கும் நாளில் மனு கொடுக்கலாம். வீட்டுக்கு அனுப்பும்போது டிஸ்சார்ஜ் சம்மரியை மறக்காமல் வாங்கி, ஸ்கேன், ரத்தப் பரிசோதனைத் தாளோடு ஒரே பிளாஸ்டிக் கவரில் போட்டு, எல்லாவற்றையும் அவர் போனில் போட்டோவும் எடுத்துக் கொடுங்கள். சூளை சீசன் முடிந்து அவர் ஊருக்குப் போனாலும் அங்கே இருக்கும் டாக்டருக்கு அது வேண்டும்.