சிப் இருக்கிறது, ஆனால் போனை எடுக்க ஆள் இல்லை

2023 ஜூன் 6 அன்று உக்ரைனின் ககோவ்கா அணை உடைந்தபோது, கெர்சோன் பக்கம் வெள்ளத்தில் மாட்டிக்கொண்ட நாய், பூனைகளைத் தன்னார்வலர்கள் படகில் ஏற்றிவந்தார்கள். உக்ரைன் போரில் இப்படி மீட்கப்பட்டவற்றில் பலவற்றின் சொந்தக்காரர்கள் வேறு நாட்டில் இருந்தார்கள். அவர்களைக் கண்டுபிடிக்கும் கட்டத்தில்தான் தவறுகள் நடக்கின்றன.

பெரிய தவறு, சிப் போட்டாயிற்று, இனிக் கவலையில்லை என்று இருப்பது. தோலுக்கடியில் வைக்கும் அரிசி மணி அளவுள்ள மைக்ரோசிப்பில் ஜிபிஎஸ் கிடையாது. பொதுவாக 15 இலக்க எண் மட்டும்தான். அதை உங்கள் போன் நம்பரோடு செல்லப்பிராணிப் பதிவேட்டில் சேர்க்காவிட்டால் அது வெறும் எண். சேர்த்தவர்களும் போலந்து போனதும் புது சிம் வாங்கிவிடுகிறார்கள், பதிவேட்டில் பழைய உக்ரைன் நம்பரே கிடக்கிறது. சிம் மாற்றிய அன்றே அதையும் மாற்றுங்கள். ஊரிலேயே தங்கிவிட்ட உறவினர் நம்பர் ஒன்றையும் கூடவே கொடுங்கள்.

மீட்பவர்கள் கழுத்தில் மட்டும் ஸ்கேனரை வைத்துப் பார்த்துவிட்டு 'சிப் இல்லை' என்று எழுதிவிடுகிறார்கள். சிப் தோளுக்கோ முன்னங்காலுக்கோ நகர்ந்திருக்கலாம். சில பழைய சிப்புகளை எல்லா ஸ்கேனரும் படிக்காது. எண் கிடைத்தால் யூரோபெட்நெட் என்ற இணையதளத்தில் தேடிப் பாருங்கள். அதோடு இணைந்த பதிவேடுகளில் இருந்தால், எதில் என்று காட்டும்.

அறிவிப்பு போடும்போது எல்லா அடையாளத்தையும் எழுதிவிடாதீர்கள். வயிற்றில் உள்ள தழும்பு மாதிரி ஒன்றை மறைத்து வைத்து, உரிமை கோருபவரையே சொல்லச் சொல்லுங்கள். பழைய படங்களையும் கேளுங்கள். வாலாட்டுவதெல்லாம் சாட்சி ஆகாது. பசித்த நாய் பிஸ்கட் காட்டுகிற யாருக்கும் வாலாட்டும்.

பூனையா? முதலில் வீட்டைச் சுற்றியே தேடுங்கள். பயந்த பூனை பெரும்பாலும் பக்கத்திலேயே பதுங்கியிருக்கும்.

சரி, ஆளும் கிடைத்துவிட்டார், ஜெர்மனியில் இருக்கிறார். உடனே வண்டியில் ஏற்றிவிட முடியாது. போர் தொடங்கிய 2022-இல் பல ஐரோப்பிய நாடுகள் விதியைத் தளர்த்தின. அந்தச் சலுகை இன்னமும் இருக்கும் என்று நம்பிக் கிளம்பாதீர்கள்; போகிற நாட்டில் முதலில் கேளுங்கள். சலுகை இல்லையென்றால், ஐரோப்பிய ஒன்றியத்தின் பட்டியலில் இல்லாத நாட்டிலிருந்து வரும் விலங்குக்கான வழக்கமான விதி நீளமானது: சிப், வெறிநாய்க்கடித் தடுப்பூசி, குறைந்தது 30 நாள் கழித்து ரத்தப் பரிசோதனை, ரத்தம் எடுத்த நாளிலிருந்து 3 மாதக் காத்திருப்பு. இந்த வரிசை முக்கியம். அவசரத்தில் ஊசியைப் போட்டுவிட்டு அப்புறம் சிப் வைத்தால் அந்த ஊசி செல்லாது, மறுபடி ஊசியிலிருந்தே தொடங்க வேண்டும்.