வீட்டுப் பெரியவரின் உருவப்படம்: எடுப்பது முதல் சட்டமிடுவது வரை

டிஜிட்டல் கேமராவைப் புதிதாகக் கையில் எடுப்பவர்களுக்கு முதல் பயிற்சியாக நான் சொல்வது பூவோ மலையோ அன்று. வீட்டில் இருக்கும் பாட்டியையோ தாத்தாவையோ ஒரு நல்ல உருவப்படமாக எடுத்து, 8×12 அங்குலத்தில் அச்சிட்டு, சட்டமிட்டுச் சுவரில் மாட்டும் வேலையைத்தான். இந்த ஒன்றை ஒழுங்காக முடிப்பவர் வெளிச்சம், ஃபோகஸ், திருத்தம், அச்சு என எல்லாவற்றையும் ஒருமுறை தொட்டுவிடுவார். தவிரவும், பெரியவர்களின் படம் தேவைப்படும்போது கல்யாண ஆல்பத்தின் குழுப்படம் ஒன்றிலிருந்து முகத்தை மட்டும் வெட்டிப் பெரிதாக்கி, பின்னால் நீல வண்ணம் பூசி வாங்கி வருவதே பல வீடுகளில் வழக்கமாக இருக்கிறது. அவர்கள் நம்மோடு உட்கார்ந்து பேசிக்கொண்டிருக்கும் காலத்திலேயே நல்ல படம் ஒன்றை எடுத்து வைத்துவிடுவது மேல்.

அச்சின் அளவைப் படம் எடுப்பதற்கு முன்பே தீர்மானித்துக்கொள்ள வேண்டும். கையில் வைத்துப் பார்க்கும் படத்துக்கு ஓர் அங்குலத்துக்கு 300 பிக்சல் என்பது அச்சுக்கூடங்களின் பொதுவான கணக்கு. அதன்படி 8×12 அங்குலத்துக்கு 2400×3600, அதாவது ஏறத்தாழ 86 லட்சம் பிக்சல் போதும். நான்கடி தள்ளி நின்று பார்க்கும் சுவர்ப்படம் என்றால் 200 பிக்சலிலேயே நன்றாக வரும். சாதாரணக் கைப்பேசிகூட 4000×3000 அளவில் 1.2 கோடி பிக்சல் கொண்ட படத்தைத் தருவதால், இந்த வேலைக்காகப் புதுக் கேமரா வாங்க வேண்டியதில்லை.

அளவைவிடப் பலரைச் சிக்கலில் மாட்டுவது படத்தின் விகிதம். கைப்பேசிப் படம் 4:3 விகிதத்தில் இருக்கிறது. பெரும்பாலான கேமராக்களின் படம் 3:2 விகிதத்தில் இருக்கிறது. 4×6, 8×12, 12×18 ஆகிய தாள்கள் 3:2 விகிதத்தைச் சேர்ந்தவை. ஆகவே கைப்பேசியில் நிமிர்த்தி எடுத்த படத்தை 8×12 தாளில் நிரப்பினால் அகலத்தில் மொத்தமாக ஓர் அங்குலம் வெட்டுப்படும். கேமராவில் எடுத்த படத்தை 8×10 தாளில் கேட்டால் உயரத்தில் இரண்டு அங்குலம் போய்விடும். உச்சந்தலையோ மடியில் கோத்திருக்கும் கைகளோ காணாமல் போவது இப்படித்தான். இதற்கும் மேலாக, சட்டத்தின் உள்விளிம்பு நான்கு புறமும் சில மில்லிமீட்டரை மறைக்கும். எனவே திரையில் பார்க்கும்போது கொஞ்சம் தாராளமாகத் தோன்றும் அளவுக்குத் தலைக்கு மேலும் தோள்களின் இரு பக்கமும் இடம் விட்டு எடுப்பதே பாதுகாப்பு.

அடுத்தது வெளிச்சம். இந்த வேலையில் செலவிடும் நேரத்தில் பாதியை இதற்குக் கொடுத்தாலும் தகும். நேர்வெயில் விழாத, ஆனால் வானத்தின் வெளிச்சம் தாராளமாக வரும் இடமே முகத்துக்கு ஏற்றது. திண்ணை, முற்றத்தின் ஓரம், திறந்த வாசலிலிருந்து மூன்றடி உள்ளே, பெரிய ஜன்னலின் பக்கவாட்டு ஆகியவை எல்லாம் பணம் கொடுத்தாலும் கிடைக்காத ஸ்டுடியோக்கள். பெரியவரை வாசலுக்கு முதுகு காட்டி உட்காரவைத்தால் முகம் இருண்டு பின்னால் உள்ள தெரு வெளுத்துவிடும். வாசல் அவர் முகத்துக்கு முன்னாலோ பக்கத்திலோ இருக்க வேண்டும். முகத்தை வெளிச்சத்தின் பக்கமாக மெல்லத் திருப்பச் சொல்லிக்கொண்டே கண்களைக் கவனியுங்கள். ஒரு கட்டத்தில் கருவிழியில் வாசலின் வெள்ளைச் சதுரம் சிறியதாகத் தெரியும். மூக்குத்தி அணிந்தவராக இருந்தால் அதிலும் ஒரு புள்ளி மின்னும். அந்த நிலையில்தான் முகம் உயிரோடு இருக்கிறது. மூக்குக் கண்ணாடி அணிபவர் என்றால் அந்தச் சதுரம் கண்ணாடியிலும் விழுந்து கண்ணை மறைக்கக்கூடும். மோவாயைச் சிறிது தாழ்த்தச் சொன்னால் பெரும்பாலும் அது விலகிவிடும்.

உட்காரவைக்கும் இடத்தைத் தேர்ந்தவுடன் டியூப் லைட்டை அணைத்துவிடுங்கள். பகல் வெளிச்சமும் டியூப் லைட்டும் வெவ்வேறு நிறம் கொண்டவை என்பதால், ஒரு கன்னத்தைச் சரிசெய்தால் மறு கன்னம் பச்சையடிக்கும். அருகில் உள்ள சுவரின் பெயிண்டும் முகத்தில் ஏறும். நம் வீடுகளில் கிளிப்பச்சையும் ரோஸும் சாதாரணம் என்பதால் இதைச் சொல்ல வேண்டியிருக்கிறது. வெள்ளை வேட்டி ஒன்றைச் சுவரின் மேல் தொங்கவிட்டால் அந்தச் சாயல் மறைவதோடு, நிழல் விழும் பக்கத்துக்குக் கொஞ்சம் வெளிச்சமும் திரும்பும். ஃபிளாஷ் வேண்டாம்.

கைப்பேசியில் எடுப்பவர்கள் முதலில் லென்ஸைப் பருத்தித் துணியால் துடைக்க வேண்டும். விரல் எண்ணெய் படிந்த லென்ஸில் படம் முழுதும் பால்போல மங்கும். பியூட்டி என்று எந்தப் பெயரில் எது இருந்தாலும் அணைத்துவிடுங்கள். எண்பது வயது முகத்தின் சுருக்கங்களை வழித்துவிட்டு நிறத்தை வெளுப்பாக்கும் வேலையை அது செய்கிறது, அச்சில் அந்த முகம் மெழுகுபோல நிற்கும். பின்னணியை மங்கலாக்கும் போர்ட்ரெயிட் முறையும் நம்பத் தகுந்ததன்று. பறந்து நிற்கும் நரைமுடியையும் கண்ணாடியின் காதுக்கம்பியையும் பின்னணி என்று எண்ணி அது தின்றுவிடும், கைப்பேசித் திரையில் தெரியாத இந்தக் குறை 12 அங்குலத்தில் பளிச்சென்று தெரியும். மங்கலான பின்னணி வேண்டுமென்றால் பெரியவருக்குப் பின்னால் பத்தடி வெற்றிடம் இருக்கும்படி உட்காரவையுங்கள். கைப்பேசியின் முதன்மை லென்ஸ் அகன்ற கோணம் கொண்டது என்பதால், முகத்துக்கு மிக அருகில் கொண்டுபோனால் மூக்கு பெரிதாகவும் காதுகள் சிறிதாகவும் தெரியும். ஐந்தாறு அடி தள்ளி நின்று, இரண்டு மடங்கு லென்ஸ் இருந்தால் அதைப் பயன்படுத்துங்கள்.

கேமரா வைத்திருப்பவர்கள் டயலை ஏ அல்லது ஏவி என்ற நிலைக்குத் திருப்பி, லென்ஸுக்குள் ஒளி நுழையும் துளையான அபெர்ச்சரை எஃப் 4 என வைத்துத் தொடங்கலாம். 50 மில்லிமீட்டர், எஃப் 1.8 லென்ஸ் வாங்கிய புதிதில் எல்லாவற்றையும் எஃப் 1.8 இலேயே எடுக்கத் தோன்றும். ஆனால் ஏ.பி.எஸ்.சி. என்ற நடுத்தர அளவுச் சென்சார் கொண்ட கேமராவில், ஒன்றரை மீட்டர் தூரத்தில், அந்தத் துளை தெளிவாகக் காட்டும் ஆழம் சுமார் 6 சென்டிமீட்டர் மட்டுமே. முகம் சற்றுத் திரும்பியிருந்தால் ஒரு கண் கூர்மையாகவும் மற்றொன்று மங்கலாகவும் போகும். எஃப் 4 இல் அந்த ஆழம் இரண்டு மடங்குக்கு மேலாகிறது. ஷட்டர் வேகம் 1/125 நொடிக்குக் குறையாதபடி சென்சாரின் ஒளியுணர்வைக் குறிக்கும் ஐ.எஸ்.ஓ.வை உயர்த்துங்கள், 1600 வரை போனாலும் 8×12 அச்சில் தெரியும் மணல்தன்மை மிகக் குறைவு, ஆனால் கை ஆட்டத்தால் வந்த மங்கலை எந்த மென்பொருளும் முழுமையாகச் சரிசெய்யாது. ஃபோகஸ் புள்ளியைக் கேமராவுக்கு அருகில் உள்ள கண்ணின் மேல் வையுங்கள்.

வெள்ளைச் சேலையும் வெள்ளை வேட்டியும் கேமராவின் ஒளிமானியைக் குழப்பும் என்பதையும் தெரிந்துகொள்ள வேண்டும். எதைக் காட்டினாலும் அதை நடுத்தரச் சாம்பல் நிறமாக்கவே ஒளிமானி முயலும். ஆகவே சட்டகத்தில் வெள்ளை அதிகமானால் படம் முழுதும் இருளும், முகமும் சேர்ந்து இருளும். படத்தின் வெளிச்சத்தைக் கூட்டவும் குறைக்கவும் உதவும் எக்ஸ்போஷர் காம்பன்சேஷனைக் கூட்டல் பக்கம் 0.7 அல்லது 1 வரை நகர்த்தினால் வெள்ளை வெள்ளையாகும். அதே சமயம் வெள்ளைத் துணியின் மடிப்புகள் முற்றிலும் வெளுத்துப் போகாமல் இருக்கின்றனவா என்று படத்தின் இருளும் வெளிச்சமும் எப்படிப் பரவியுள்ளன என்று காட்டும் வரைபடமான ஹிஸ்டோகிராமின் வலது ஓரத்தைப் பாருங்கள். கைப்பேசியில் முகத்தைத் தொட்டுவிட்டு, பக்கத்தில் தோன்றும் சூரியக் குறியை மேலே இழுத்தால் இதே வேலை நடக்கும்.

இனி எடுக்கலாம். “சிரிங்க பாட்டி” என்று சொன்னால் பெரும்பாலானவர்கள் விறைத்துவிடுவார்கள். பழைய கதை எதையாவது கேட்டுவிட்டு, அவர் பதில் சொல்லி முடிக்கும் தருணத்துக்குக் காத்திருங்கள்; பேசும்போது வாய் கோணும், முடித்தவுடன் முகம் தானாக இளகும். கேமராவை அவர் கண்மட்டத்துக்கு இறக்குவதற்காக நீங்களும் ஸ்டூலிலோ தரையிலோ உட்கார வேண்டியிருக்கும். கண் சிமிட்டுவது, முந்தானை நழுவுவது என்று ஏதாவது நடந்துகொண்டே இருக்கும் என்பதால் பல படங்கள் எடுத்து வைப்பது நல்லது.

படங்களைக் கணினிக்கு மாற்றி, இன்னோர் இடத்திலும் பிரதி வைத்த பிறகே மெமரி கார்டை அழியுங்கள். திருத்தத்துக்கு ஸ்னாப்சீட், ஜிம்ப் போன்ற இலவசச் செயலிகள் போதும். மூலப்படத்தை அப்படியே விட்டுவிட்டு ஒரு பிரதியில் வேலை செய்யுங்கள். ஜேபெக் படம் ஒவ்வொரு முறை மறுபடி சேமிக்கப்படும்போதும் கொஞ்சம் தரம் இழக்கும். கோணலை நேராக்குதல், 3:2 விகிதத்தில் வெட்டுதல், வெளிச்சம், நிறம், கடைசியில் சிறிது கூர்மை என்ற வரிசையில் போகலாம். நிறச் செறிவை ஏற்றினால் மாநிறம் ஆரஞ்சாகிவிடும், அதில் கை வைக்காதீர்கள். அச்சு எப்போதும் திரையைவிட இருண்டு வருவதாகப் பலரும் குறைப்படுகிறார்கள். திரை தானே ஒளிர்கிறது, தாளோ தன் மேல் விழும் வெளிச்சத்தை மட்டுமே திருப்புகிறது என்பதுதான் காரணம். திரையின் வெளிச்சத்தைப் பாதியாகக் குறைத்துவிட்டுத் திருத்தினால் இந்த வேறுபாடு பெரிதும் குறையும்.

கலர் லேபுக்குப் படத்தை திரைகளும் லேபுகளும் பொதுவாகப் பயன்படுத்தும் எஸ்.ஆர்.ஜி.பி. நிறவெளியில், உயர்தர ஜேபெக்காகப் பென் டிரைவில் கொண்டுபோங்கள். வாட்ஸ்அப்பில் சாதாரணமாக அனுப்பிய படத்தின் நீளப் பக்கம் ஏறத்தாழ 1600 பிக்சலாகச் சுருங்கிவிடும்; 12 அங்குலத்தில் அது ஓர் அங்குலத்துக்கு 133 பிக்சல்தான். வேறு வழியில்லை என்றால் டாக்குமென்டாக அனுப்புங்கள், அப்போது கோப்பு அப்படியே போகும். பெரிய அச்சுக்கு முன் ஒரு 4×6 பிரதி போட்டுப் பகல் வெளிச்சத்தில் பார்ப்பது சில ரூபாய்ச் செலவில் பெரிய தாளைக் காப்பாற்றும். “கலர் கரெக்‌ஷன் வேண்டாம், இருக்கிறபடியே போடுங்கள்” என்று வாய்விட்டுச் சொல்லவும் வேண்டும்; சொல்லாவிட்டால் வாடிக்கையாளருக்குப் பிடிக்கும் என்று நினைத்து முகத்தை வெளுப்பாக்கிக் கொடுக்கும் இடங்கள் உண்டு.

தாளில் பளபளப்பில்லாத மேட் வகையையே தேர்ந்தெடுங்கள். பளபளப்பான கிளாஸி தாள் ஆல்பத்துக்கு அழகு; சுவரில் மாட்டினால் ஜன்னல் அதில் பிரதிபலிக்கும், மழைக்காலத்து ஈரப்பதத்தில் சட்டத்தின் கண்ணாடியோடு ஒட்டிக்கொள்ளவும் கூடும். எந்தத் தாளானாலும் படத்துக்கும் கண்ணாடிக்கும் இடையே இடைவெளி இருக்கும்படி நடுவில் திறப்புள்ள மவுன்ட் அட்டை வைக்கச் சொல்லுங்கள். லேமினேஷன் செய்துவிட்டால் பின்னர் பிரிக்க முடியாது. நேர்வெயில் படும் சுவரில் மாட்டினால் நிறம் வெளிறும் என்பதால், வாசலுக்கு நேர் எதிர்ச்சுவரைத் தவிருங்கள்.

பின்பலகையில் பெயர், ஊர், எடுத்த தேதி ஆகியவற்றை எழுதிய தாள் ஒன்றை ஒட்டிவிடுங்கள். அச்சுக்குக் கொடுத்த இறுதிக் கோப்பைப் பெயரும் 8×12 என்ற அளவும் சேர்த்துத் தனியாகச் சேமித்து வைப்பது அவசியம். படத்தைச் சுவரில் பார்த்ததும் அத்தையும் சித்தப்பாவும் ஆளுக்கொரு பிரதி கேட்பார்கள், அப்போது அதே கோப்பை அதே லேபில், அதே மேட் தாளில், கரெக்‌ஷன் இல்லாமல் போடச் சொன்னால் வேலை முடிந்தது.