மோட்டார் சத்தம் கேட்டதா?

பரஸ்பர சம்மத விவாகரத்து என்றால், முதலில் மனு போட்டதற்கும் மறுபடி கோர்ட்டில் போய் நிற்பதற்கும் நடுவே 6 மாதம் இருக்கிறது. இந்து திருமணச் சட்டம், பிரிவு 13-பி. தேவைப்பட்டால் நீதிமன்றம் அதைக் குறைக்கலாம் என்று 2017-ல் உச்ச நீதிமன்றம் சொன்னது, நாங்கள் கேட்கவில்லை. மனசு மாறினால் மாறட்டும் என்று சட்டம் விடுகிற அவகாசம் அது. எங்களுக்கு மாறவில்லை. ஆனால் அந்த 6 மாதத்தில்தான், காதலித்துக் கட்டிக்கொண்ட இரண்டு பேர் எப்படி இந்த நிலைக்கு வருகிறார்கள் என்று படிக்க உட்கார்ந்தேன். பரீட்சை முடிந்த பிறகு புத்தகத்தைத் திறந்த கதைதான். நான் ஆலோசகர் இல்லை, திருச்சியில் கணக்கு எழுதிப் பிழைக்கிறவள். அதனால் என் வழியும் கணக்கு வழிதான்.

அடி உதை இருக்கிற வீட்டுக்கு இது எதுவும் பொருந்தாது. அங்கே முதலில் வெளியே வர வேண்டும். பெண்களுக்கான உதவி எண் 181.

மற்ற வீட்டுக்காரர்களுக்குச் சொல்கிறேன், ஒரு வாரத்துக்குச் சண்டைகளை எண்ணாதீர்கள். கூப்பிடுவதை எண்ணுங்கள், அதாவது ‘கொஞ்சம் என் பக்கம் திரும்பு’ என்பதற்காகப் பேசுகிற சின்னப் பேச்சை. என் கணவர் ராத்திரி கொல்லைப்பக்கம் போய்விட்டு வந்து, “மோட்டார் சத்தம் மாறியிருக்கு, கேட்டியா?” என்பார். நான் போனைப் பார்த்துக்கொண்டே “ம்” என்பேன். மோட்டாரைப் பற்றி எனக்கு என்ன தெரியும்? அவர் கேட்டது மோட்டாரைப் பற்றி இல்லை என்பது எனக்குப் புரிய ஒன்பது வருடம் ஆனது.

அமெரிக்காவில் சியாட்டில் நகரத்தில், வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் ஜான் காட்மன் என்ற உளவியலாளர் குடியிருப்பு வீடு மாதிரியே ஓர் ஆய்வுக்கூடம் வைத்திருந்தார். புதிதாகக் கல்யாணமானவர்களை அங்கே தங்கவைத்து, அவர்கள் சாதாரணமாகப் பேசிக்கொள்வதைக் கேமராவில் பதிவு செய்தார்கள். 6 வருடம் கழித்து விசாரித்தால், சேர்ந்தே இருந்தவர்கள் அன்றைக்கு இப்படிப்பட்ட சின்னக் கூப்பிடல்களில் நூற்றுக்கு 86-க்கு முகம் கொடுத்திருந்தார்கள். பிரிந்துபோனவர்கள் 33-க்கு.

எண்ணுகிற முறை இதுதான். தினசரி காலண்டரில் கிழித்த தாளின் பின்பக்கம் போதும். அவர் கூப்பிட்டு நீங்கள் திரும்பினால் ஒரு கோடு, திரும்பாவிட்டால் ஒரு சுழி. உங்கள் கணக்கை மட்டும் எழுதுங்கள். அவர் கணக்கையும் நீங்களே எழுத ஆரம்பித்தால் அது குற்றப்பத்திரிகை ஆகிவிடும். கூப்பிடலே குறைந்துகொண்டு வந்தால்தான் கவலைப்பட வேண்டும். எங்கள் வீட்டில் கடைசி வருடம் மோட்டார் ஒரேயடியாக எரிந்துபோனது. அதற்கு முன்னால் சத்தம் மாறியதா என்று அவர் சொல்லவே இல்லை.

அடுத்தது, வாயில் வருகிற வாக்கியத்தைப் பாருங்கள். “கேஸ் புக் பண்ணலையா?” என்பது புகார். “உங்களுக்கு எப்பவுமே பொறுப்பு கிடையாது” என்றால் ஆளையே குறை சொல்வது. “உங்க வீட்டு ஆளுங்களே அப்படித்தான்” என்றால் ஏளனம். ஆளைக் குறை சொல்வது, ஏளனம், உடனே தன் பக்க நியாயம் பேசுவது, சுவராக இறுகிப்போவது என்று காட்மன் நான்கு சொல்கிறார். நான்கில் ஏளனம்தான் பிரிவுக்கு மிக நெருக்கமான அறிகுறி. ஏளனத்துக்குக் கத்த வேண்டியதில்லை. என் நாத்தனார் வீட்டு விசேஷத்தில் அவர் இழுத்து இழுத்துப் பேசுவதை நான் பேசிக் காட்டினேன். எல்லோரும் சிரித்தார்கள், அவரும் சிரித்தார். ‘எப்பவுமே’ நாக்கு நுனிக்கு வந்தால் அதை விழுங்கிவிட்டு, என்றைக்கு, என்ன நடந்தது என்று மட்டும் சொல்லுங்கள்.

துரத்தல் இன்னொன்று. ஒருவர் ‘இப்போதே பேசு’ என்று நெருக்க, மற்றவர் நழுவ, நழுவ நழுவ இவர் இன்னும் நெருக்க... லாஸ் ஏஞ்சல்ஸில் ஆண்ட்ரூ கிறிஸ்டென்சன் என்ற உளவியலாளர் பல வருடம் ஆராய்ந்த சுழற்சி இது. நான் நெருக்குகிறவள், அவர் பைக் சாவியை எடுக்கிறவர். அவரை நான் கல்நெஞ்சக்காரர் என்றே நினைத்திருந்தேன். நாடித்துடிப்பு நிமிடத்துக்கு 100-ஐத் தாண்டிவிட்டால் எதிரில் இருப்பவர் சொல்வது சரியாக மண்டையில் ஏறாதாம். அடங்கக் குறைந்தது 20 நிமிடமாவது ஆகும். ஆகவே எழுந்து போகிறவர் திரும்பும் நேரத்தைச் சொல்லிவிட்டுப் போக வேண்டும்: “எட்டரைக்குப் பேசலாம்.” சொன்னபடி எட்டரைக்கு வரவும் வேண்டும். இருக்கிறவர் அந்த இருபது நிமிடம் பதிலடியை ஒத்திகை பார்க்கக் கூடாது. நான் பாத்திரம் தேய்த்துக்கொண்டே வசனம் தயாரிப்பேன். அப்புறம் எங்கே அடங்குவது?

பழைய கதையையும் ஒருமுறை சொல்லிப் பாருங்கள். கல்யாணமான புதிதில் கொடைக்கானல் போகும்போது வத்தலக்குண்டில் பஸ் நின்றுவிட்டது. மூன்று மணி நேரம் வெள்ளரிக்காய் தின்றுகொண்டு உட்கார்ந்திருந்தோம். முதலில் சில வருடங்கள் அதை வேடிக்கையாகச் சொன்னேன். எட்டாவது வருடம் அதே கதையை, அவர் எதையும் முன்யோசனையோடு செய்ய மாட்டார் என்பதற்குச் சாட்சியாகச் சொன்னேன். அதே பஸ், அதே வெள்ளரிக்காய். உங்கள் கதையும் இப்படித் திரும்பியிருந்தால், ஆலோசகரைப் பார்ப்பதைத் தள்ளிப்போடாதீர்கள்.

கடைசியாக, ஒரு நோட்டு வாங்குங்கள். சிகாகோ பக்கம் எலி ஃபிங்கல் என்ற உளவியலாளரின் குழுவினர் 120 தம்பதிகளை 2 வருடம் தொடர்ந்து கவனித்து 2013-ல் ஆய்வு வெளியிட்டார்கள். முதல் வருடம் எல்லோருக்கும் திருப்தி கொஞ்சம் கொஞ்சமாகச் சரிந்தது. இரண்டாவது வருடம் பாதிப் பேரிடம் மட்டும் ஒரு வேலை கொடுத்தார்கள்: சமீபத்திய சண்டையை, இரண்டு பேருக்கும் நல்லது நினைக்கிற மூன்றாம் மனிதர் எப்படிப் பார்ப்பார் என்று 7 நிமிடம் எழுத வேண்டும். வருடத்தில் மூன்றே தடவை, ஆக 21 நிமிடம். எழுதியவர்களுக்குச் சரிவு நின்றது.

‘நடுநிலையான ஒருவர்’ என்று பொதுவாக வைத்தால் எழுத வராது, தெரிந்த ஆளாக வையுங்கள். நான் மாடி வீட்டுப் பாட்டியை வைத்தேன். தீர்ப்பு வந்து மூன்று வாரம் கழித்து, சும்மாதான். பாட்டி எழுதியது நான்கு வரி. அதில் ஒன்று: “அந்தப் பையன் பைக்கை நிறுத்திவிட்டு வாசலில் கொஞ்ச நேரம் நிற்பான், இவள் கதவைத் திறந்துவிட்டு, முகத்தைப் பார்க்காமலே உள்ளே போய்விடுவாள்.”