மெய்நிகர் இயந்திரத்தில் நேரம் பிசகுவது ஏன்? தவிர்க்க வேண்டிய தவறுகள்

மெய்நிகர் இயந்திரத்துக்குள் (ஒரு கணினிக்குள் மென்பொருளால் உருவாக்கப்படும் இன்னொரு கணினி) இயங்கும் கெர்னலுக்கு, அதாவது இயங்குதளத்தின் மையப் பகுதிக்கு, தான் நிறுத்திவைக்கப்பட்டது தெரியாது. மெய்நிகர் இயந்திரங்களை நடத்தும் மென்பொருளான ஹைப்பர்வைசர் அதன் பிராசஸரை வேறோர் இயந்திரத்துக்குக் கொடுத்துவிட்டுச் சிறிது கழித்துத் திருப்பித் தருகிறது. கெர்னலோ இடையில் எதுவுமே நடக்காததுபோல அடுத்த கட்டளைக்குப் போகிறது. இந்த அறியாமையைக் கணக்கில் கொள்ளாமல், நேரடி வன்பொருளில் பழகிய முறைகளையே இங்கும் கையாள்வதால்தான் கடிகாரச் சிக்கல்கள் பெரும்பாலும் வருகின்றன.

பழைய லினக்ஸ் கெர்னல்கள் நேரத்தை எண்ணிக் கண்டுபிடித்தன. டைமர் சிப் விநாடிக்கு 100, 250 அல்லது 1000 முறை குறுக்கிடும். ஒவ்வொரு முறையும் கெர்னல் ஒரு டிக்கைக் கூட்டிக்கொள்ளும். இயந்திரம் நின்றிருந்தபோது வரவேண்டிய டிக்குகள் தொலைந்தால் கடிகாரம் பின்தங்கியது. தொலைந்தவற்றை ஹைப்பர்வைசர் ஒருபுறமும் கெர்னல் மறுபுறமும் ஈடுகட்டினால் முன்னே ஓடியது. 2.6 வரிசையின் பிற்பகுதியில் இந்த அமைப்பு மாறியது. இப்போதைய கெர்னல் டிக்குகளை நம்பியிருப்பதில்லை. தொடர்ந்து ஓடும் ஒரு கவுண்ட்டரைத் தேவைப்படும்போது படித்துக்கொள்கிறது.

ஆனால் அந்தக் காலத்து ஆலோசனைகள் இன்னும் உலவுகின்றன. பிராசஸருக்குள்ளேயே இருக்கும் டிஎஸ்சி கவுண்ட்டரை நம்பாதீர்கள், துவக்க அளபுருக்களில் (கெர்னல் தொடங்கும்போது தரும் அமைப்புகள்) பிராசஸருக்கு வெளியே உள்ள ஹெச்பிஈடி அல்லது ஏசிபிஐ டைமரைக் கட்டாயமாக்குங்கள் என்பது அவற்றில் ஒன்று. பிராசஸரின் வேகத்தோடு டிஎஸ்சியின் வேகமும் ஏறி இறங்கிய நாட்களில் அதில் நியாயம் இருந்தது. இன்டெலின் நெஹாலம் பிராசஸர்கள் வந்த 2008-க்குப் பிறகு டிஎஸ்சி சீரான வேகத்தில் ஓடுகிறது. மற்ற இரண்டும் மெய்நிகர் இயந்திரத்தில் போலியாக உருவாக்கப்பட்ட சாதனங்கள். அவற்றை ஒவ்வொரு முறை படிக்கும்போதும் கட்டுப்பாடு ஹைப்பர்வைசருக்குப் போய்த் திரும்ப வேண்டும். டிஎஸ்சியையோ, லினக்ஸின் கேவிஎம் ஹைப்பர்வைசர் தரும் கேவிஎம் கிளாக்கையோ பொதுவாகச் சிஸ்டம் கால் (கெர்னலிடம் வேலை கேட்கும் அழைப்பு) இல்லாமலே நிரல்கள் படித்துவிடலாம். ஒவ்வொரு பதிவுக்கும் நேரம் கேட்கும் தரவுத்தளத்தில் இந்த வேறுபாடு பெரிதாகத் தெரியும்.

கேவிஎம் கிளாக் செயல்படும் விதம் எனக்கு மிகவும் பிடித்தது. ஹைப்பர்வைசரும் கெர்னலும் ஒரு நினைவகப் பக்கத்தைப் பகிர்ந்துகொள்கின்றன. இந்த டிஎஸ்சி மதிப்பின்போது நேரம் இவ்வளவு, டிஎஸ்சியை நானோ விநாடியாக மாற்ற இன்ன எண்ணால் பெருக்கு என்று ஹைப்பர்வைசர் அதில் எழுதிவைக்கும். எழுதிக்கொண்டிருக்கும்போது பக்கத்தின் பதிப்பு எண் ஒற்றைப்படையாக இருக்கும். ஒற்றைப்படையைக் கண்டாலோ, படித்து முடிப்பதற்குள் எண் மாறியிருந்தாலோ கெர்னல் மறுபடி படிக்கும். வேறு வேகத்தில் டிஎஸ்சி ஓடும் ஹோஸ்ட்டுக்கு (மெய்நிகர் இயந்திரங்களைத் தாங்கும் உண்மைக் கணினி) இயந்திரம் இடம் மாறினாலும், பெருக்கு எண்ணைத் திருத்தி எழுதினால் போதும். இவ்வளவு நன்றாக அமைந்ததை அணைத்துவிட்டு வேறொன்றைப் பூட்டுவதற்கு வலுவான காரணம் வேண்டும்.

கெர்னல் நேரம் படிக்கும் கவுண்ட்டரே பழுதாக இருக்கும்போது, நெட்வொர்க் வழியே நேரத்தைச் சரிசெய்யும் என்டிபியைக் கொண்டு மூடி மறைப்பது அடுத்த தவறு. அதைச் செயல்படுத்தும் என்டிபிடி என்ற நிரல் கடிகாரத்தின் வேகத்தைப் பத்து லட்சத்துக்கு 500 பங்குவரைதான் திருத்தும். அதாவது ஒரு நாளைக்கு 43.2 விநாடி. தினமும் ஒரு நிமிடம் இழக்கும் கடிகாரத்தை அதனால் சீராகப் பிடித்துவைக்க முடியாது. திரும்பத் திரும்பத் தாவச் செய்யத்தான் முடியும். எத்தனை என்டிபி சர்வர்களைச் சேர்த்தாலும் இதுதான் நிலை.

மிகுதியாகத் தொல்லை தருவது, ஒரு கடிகாரத்துக்கு இரண்டு திருத்துநர்களை வைப்பது. விஎம்வேர் ஹைப்பர்வைசருக்காக இயந்திரத்துக்குள் நிறுவப்படும் விஎம்வேர் டூல்ஸின் காலமுறை ஒத்திசைவும் ஓடும், உள்ளே என்டிபியும் ஓடும். ஒன்று நேரத்தைத் தள்ளிவைக்கும். அது வெளியார் வேலை என்று அறியாத மற்றது, கடிகாரமே தவறான வேகத்தில் ஓடுகிறது என்று எண்ணி வேகத்தைத் திருத்தும். அதனால் வரும் பிழையை முதலாவது மறுபடி தள்ளும். பதிவுகளில் நேரம் முன்னும் பின்னும் ஆடும்; காரணம் எளிதில் பிடிபடாது. காலமுறை ஒத்திசைவை அணைத்துவிட்டு, என்டிபிடி அல்லது அதே வேலையைச் செய்யும் க்ரோனி ஒன்றை மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். ஸ்னாப்ஷாட்டிலிருந்து (சேமித்துவைத்த பழைய நிலை) மீளும்போது டூல்ஸ் செய்யும் ஒருமுறைத் திருத்தம் வேறு, அதை விட்டுவைக்கலாம்.

கேவிஎம்மில் இன்னும் நல்ல வழி உண்டு. லினக்ஸ் 4.11 முதல் ஹோஸ்ட்டின் கடிகாரத்தையே ஒரு பிடிபி சாதனமாக (துல்லிய நேரம் தரும் கடிகாரச் சாதனம்) உள்ளே காணலாம். க்ரோனி அதை நேராகப் படித்துக்கொள்ளும். நெட்வொர்க் தாமதம் குறுக்கே வராது. ஹோஸ்ட்டின் நேரம் சரியாக இருக்க வேண்டும், அவ்வளவுதான்.

நிறுத்திவைத்து எழுப்பும் இயந்திரங்களுக்குத் தனிக் கவனம் வேண்டும். வித்தியாசம் 1000 விநாடியைத் தாண்டினால் என்டிபிடி இயல்பாக வெளியேறிவிடும். அந்த வரம்பை நீக்கிவையுங்கள். க்ரோனியில் பல லினக்ஸ் விநியோகங்கள் முதல் மூன்று திருத்தங்களுக்கு மட்டுமே தாவலை அனுமதிக்கின்றன. பிறகு அது மெதுவாகவே நகர்த்தும். உள்நுழைவைச் சரிபார்க்கும் கெர்பரோஸ் இயல்பாக 5 நிமிட வேறுபாட்டைத்தான் பொறுக்கும் என்பதால், எழுந்த இயந்திரத்தில் உள்நுழைவே தடைபடலாம். மெய்நிகர் இயந்திரங்களில் எப்போதும் தாவ அனுமதிப்பது நல்லது. பின்னோக்கிய தாவலைத் தாங்காத தரவுத்தளம் ஓடும் இடத்தில் மட்டும் யோசித்துச் செய்யுங்கள். நிரல் எழுதுவோர் கால இடைவெளியை அளக்கச் சுவர்க் கடிகார நேரத்தைப் பயன்படுத்தாமல், பின்னோக்கிப் போகாத மோனோடானிக் கடிகாரத்தைப் பயன்படுத்த வேண்டியதும் இதனால்தான்.

கடைசியாக, இந்தியாவிலோ இலங்கையிலோ நேரம் துல்லியமாக ஐந்தரை மணி பிசகியிருந்தால் என்டிபியைத் தோண்ட வேண்டாம். வன்பொருள் கடிகாரத்தில் உள்ளூர் நேரம் இருக்கும் என்று விண்டோஸ் எதிர்பார்க்கும். லினக்ஸ் பொதுவாக உலகப் பொது நேரமான யுடிசியை எதிர்பார்க்கும். மெய்நிகர் இயந்திரங்களை நிர்வகிக்கும் லிப்வர்ட்டின் அமைப்பில் அந்த இயந்திரத்தின் கடிகாரம் எதற்கு வைக்கப்பட்டிருக்கிறது என்று பார்த்து மாற்றினால் சரியாகிவிடும்.