ஏட்ரியாட்டிக் அடியில் த்ரஸ்ட் வரையும்போது தவிர்க்க வேண்டியவை

இத்தாலியில் காலாவதியான எண்ணெய் உரிமங்களின் சீஸ்மிக் கோடுகளும் (தரைக்குள் ஒலியலை அனுப்பி எடுத்த குறுக்குவெட்டுப் படங்கள்) கிணற்றுப் பதிவுகளும் விடெபி என்ற திட்டத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. பயிற்சிக்கு வருகிறவர்களுக்கு பெசாரோ, அங்கோனா ஊர்களுக்கு எதிரே உள்ள ஏட்ரியாட்டிக் கடல்பகுதியின் கோடுகளைக் கொடுத்துத்தான் அடியில் உள்ள பிளவுகளை வரையச் சொல்வேன். வடக்கு அபெனைன் மலைத்தொடர் கிழக்கு நோக்கித் தள்ளிவந்த த்ரஸ்டுகளில், அதாவது பழைய பாறைத் தகடு புதிய படிவுகளின் மேல் ஏறி உட்காரும் பிளவுகளில், கடைசியாக உருவானவை அந்தக் கடலுக்கு அடியில் கிடக்கின்றன. கொடுத்த மறுநாளே, நான் ஆரம்பத்தில் வரைந்த அதே அபத்தங்கள் திரும்பி வரும். அளவுகோல் போட மறந்தது மாதிரியான சில்லறைப் பிழைகளை விட்டுவிடுகிறேன்.

கரையோடு மலை முடிந்தது என்று நினைப்பது

அங்கோனாவுக்கு அருகே 572 மீட்டர் கோனேரோ மலை கடலோரத்தில் எடுப்பாக நிற்கிறதா, அதுதான் கடைசி மடிப்பு என்று முடிவுகட்டிவிடுகிறார்கள். அதற்கு அப்பாலும் த்ரஸ்டுகள் தள்ளி வளைத்த மடிப்புகள் உண்டு. பிளியோசீன் காலத்திலிருந்து, அதாவது கடந்த ஐம்பது லட்சம் ஆண்டுகளாக, சேர்ந்த களிமண்ணும் மணலும் மூடிவிட்டதால் கடல்தரையில் அவை தெரிவதில்லை, அவ்வளவுதான். 2022 நவம்பர் 9 அன்று பெசாரோ கடற்பகுதியில் வந்த 5.5 அளவு நிலநடுக்கம் இப்படிப் புதைந்த த்ரஸ்ட் ஒன்றில்தான்.

நேரத்தை ஆழமாகப் படிப்பது

எத்தனை முறை பார்த்தாலும் இதற்கு மட்டும் எரிச்சல் வந்துவிடும். சீஸ்மிக் படத்தின் செங்குத்து அச்சில் இருப்பது மீட்டர் இல்லை, அலை கீழே போய்த் திரும்பி வர எடுத்த நேரம். கேட்டால் டக்கென்று சொல்வார்கள், பென்சிலைக் கையில் எடுத்ததும் மறந்துபோகும். பிளியோசீன் களிமண்ணில் அலை வினாடிக்குச் சுமார் 2,500 மீட்டர் ஓடும் என்று வைத்துக்கொள்ளுங்கள். டைனோசர் காலத்து மெசோசோயிக் சுண்ணாம்புப் பாறையிலும் அதற்கு அடியில் உள்ள புரானோ என்ற அடுக்கின் அன்ஹைட்ரைட்டிலும் (நீரில்லாத ஜிப்சம்) 6,000-ஐத் தொடும். 1,000 மீட்டர் சுண்ணாம்பைக் கடந்து திரும்ப 0.33 வினாடி, பக்கத்தில் அதே 1,000 மீட்டர் களிமண்ணுக்கு 0.8 வினாடி. ஆக, த்ரஸ்ட் தூக்கிவந்த சுண்ணாம்புத் தகட்டுக்கு நேர்கீழே தட்டையாகக் கிடக்கும் அடுக்குகூட, படத்தில் கிட்டத்தட்ட அரை வினாடி எழும்பித் தெரியும். பார்க்க அருமையான மேல்மடிப்பு!

ஒருமுறை ஒரு தம்பி அப்படி ஒன்றை வரைந்து, பச்சை தீட்டி, எண்ணெய் தேங்கும் இடம் என்று அம்புக்குறியும் போட்டு வந்தார். "சார், நாலு கோட்டுலயும் இருக்கு" என்றார். இருக்கத்தான் செய்யும், மேலே உள்ள தகடும் நாலு கோட்டிலும் இருக்கிறதே. தகடு கிழக்கே நகர்ந்த கோட்டில் மேடும் கிழக்கே நகர்ந்திருந்தது, தகடு மெலிந்த இடத்தில் மேடும் தாழ்ந்திருந்தது. அப்போதாவது சந்தேகம் வந்திருக்க வேண்டும். பக்கத்துக் கிணற்றின் சோனிக் பதிவை, அதாவது பாறையில் அலை ஓடும் வேகத்தை அளந்த பதிவை, எடுத்து, அடுக்குக்கு அடுக்கு தனி வேகம் கொடுத்து ஆழத்துக்கு மாற்றியதும் மேடு படுத்துவிட்டது. கடலில் ஓர் ஆய்வுக் கிணறு தோண்ட பல கோடி ஆகும், இல்லாத மேட்டில் கொண்டுபோய்க் கொட்டவா அது?

அப்புறம் இன்னொரு கூத்து, முழுக் கோட்டுக்கும் ஒரே சராசரி வேகத்தைக் கொடுத்துவிட்டு "ஆழத்துக்கு மாத்திட்டேன்" என்பது. அச்சில் எண்கள் மாறும், பொய் மேடு அப்படியே நிற்கும்.

படத்தை நிமிர்த்தி வரைவது

உயரத்தை மட்டும் மூன்று மடங்கு நீட்டி நிமிர்த்தினால் 30 டிகிரிச் சரிவு 60 ஆகத் தெரியும். உயரத்தையும் அகலத்தையும் 1:1-இல் வைத்துப் பாருங்கள்.

எல்லா த்ரஸ்டையும் ஒரே தளத்தில் இறக்குவது

த்ரஸ்ட் அடியில் சறுக்கிக்கொண்டு ஓடும் பலவீனமான அடுக்கு, அதாவது வழுக்கும் அடுக்கு, ஒன்று மட்டும் இல்லை. அடியில் ட்ரயாசிக் கால புரானோ, நடுவில் ஃபுகாய்டி மார்ல் என்ற சுண்ணாம்புக் களிமண், மேலே பிளியோசீனுக்குச் சற்று முந்தைய மெசீனியன் கால ஜிப்சமும் களிமண்ணும். ஆழத்து மடிப்பும் மேல்மட்ட மடிப்பும் நேருக்கு நேர் வராவிட்டால் முதலில் இவற்றைத்தான் சந்தேகப்பட வேண்டும்.

அடித்தளப் பாறையும் வெட்டுப்படுகிறதா?

புரானோவுக்கும் கீழே உள்ள பழைய பாறையை த்ரஸ்ட் வெட்டுகிறதா என்பதில் நிபுணர்களே சண்டை போடுகிறார்கள். முதல் வாரத்தில் தீர்ப்பு வேண்டாம்.

பிளவைக் கடல்தரைவரை இழுப்பது

த்ரஸ்டின் நுனி எங்கே நிற்கிறது என்பதை மேலே உள்ள படிவுகளைப் பார்த்துத்தான் முடிவு செய்ய வேண்டும். மடிப்பு வளர்ந்துகொண்டிருந்தபோது படிந்த அடுக்குகள் அதன் உச்சியை நோக்கி மெலியும். எந்த அடுக்கு வெட்டுப்படாமல் தாண்டிப் போகிறதோ அங்கே கோட்டை நிறுத்திவிடுங்கள். இதே மலைத்தொடரின் முகப்பு வட இத்தாலியின் போ ஆற்றுச் சமவெளிக்கு அடியிலும் புதைந்து கிடக்கிறது. 2012 மே 20, 29 தேதிகளில் எமிலியாவில் நிலநடுக்கங்களை உண்டாக்கிய த்ரஸ்டுகள் தரையைக் கிழித்துக்கொண்டு வெளியே வரவில்லை. அங்கே சான் கார்லோ என்ற ஊரில் தரை வெடித்து மணல் கொப்பளித்தது, நீர் கோத்த மணல் அதிர்வில் குழம்பாகிப் பீறிட்டதால். அந்த வெடிப்புகளையே பிளவின் நுனி என்று படத்தில் சேர்த்துக் கொண்டுவந்தவர்களும் உண்டு.