சார்ஜரைப் பிடுங்கினால் வேகமெடுத்த லேப்டாப்

கட்டட வரைபட வேலைக்காக, 15.6 அங்குல 4கே திரையுள்ள பழைய ஒர்க்ஸ்டேஷன் (கனமான வேலைகளுக்கான) லேப்டாப் ஒன்றை செகண்ட் ஹேண்டில் வாங்கினேன். இரண்டு மாதம் நன்றாக ஓடியது. அப்புறம் ஒருநாள் மவுஸை நகர்த்தினாலே திரை இழுத்து இழுத்து நகர்ந்தது.

முதல் சந்தேகம் திரை மேல்தான். 3840 x 2160 என்றால் ஃபுல் எச்டியைப் போல நான்கு மடங்கு புள்ளிகள் ஆயிற்றே! 1920 x 1080க்குக் குறைத்தேன். எழுத்து மங்கியதுதான் மிச்சம். கிராஃபிக்ஸ் டிரைவரை அழித்துவிட்டுப் புதிதாகப் போட்டேன். விண்டோஸையே மறுபடி நிறுவினேன். விசிறியைத் துடைத்து, பிராசஸர் சூட்டைக் கடத்தும் தெர்மல் பேஸ்ட் என்ற பசையையும் மாற்றினேன். நான்கு நாள் போயிற்று.

லேப்டாப்பின் ஓட்டத்தைக் காட்டும் டாஸ்க் மேனேஜரில் பிராசஸர் வேகம் 0.78 கிகாஹெர்ட்ஸிலேயே நின்றிருந்தது. தற்செயலாகச் சார்ஜர் வயரைப் பிடுங்கினேன். சட்டென்று 3ஐத் தாண்டியது! செருகினால் மறுபடி 0.78.

விண்டோஸுக்கு முன்பே திறக்கும் அடிப்படை அமைப்பான பயாஸுக்குள் போய்ப் பார்த்தால், அடாப்டர், அதாவது சார்ஜர், வகை ‘தெரியவில்லை’ என்று இருந்தது. இந்த லேப்டாப்பின் சார்ஜர் முனையின் நடுவே ஊசி போன்ற மெல்லிய கம்பி ஒன்று உண்டு. சார்ஜர் எத்தனை வாட் என்று லேப்டாப்புக்குச் சொல்வது அதுதான். என்னுடையதில் அது ஒரு பக்கமாகச் சாய்ந்து கிடந்தது. வாட் தெரியாததால் லேப்டாப் வேகத்தைத் தானே அடக்கிக்கொண்டிருக்கிறது. பேட்டரியும் ஏறவில்லை, அதை நான் கவனிக்கவே இல்லை.

நிமிர்த்தப் போனேன், முறிந்துவிட்டது. சரி என்று அதே 180 வாட்டில் வேறு சார்ஜர் வாங்கிச் செருகினேன். திரை இப்போது முழு 4கேயில், ஸ்கேலிங் (எழுத்து, படங்களின் அளவு) 200 சதவீதத்தில் ஓடுகிறது.